எதிர்ப்பேச்சு

இந்தக் காலை அந்த சீட்டோட ஓரத்துல கொஞ்சம் நீட்டிக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. கீழ துண்டு போட்டுக்கறேன். மடக்கியே வெச்சிருந்தா காட்பாடி வர்றதுக்குள்ள மரத்துப்போயிடும். தேங்க்ஸ்ங்க.

ஆக்சிடென்ட் எல்லாம் இல்லைங்க. டான்ஸ். முட்டியில ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் பண்ணது. நடக்கலாம், படி ஏறலாம். அரைமண்டியில நிக்க முடியாது. அதாவது ரெண்டு முட்டியையும் பக்கவாட்டுல மடக்கி, பாதி உக்காந்த மாதிரி நிப்போமே, அது. பரதநாட்டியத்துக்கு அதுதான் அஸ்திவாரம். அது போச்சுன்னா மேல எதைக் கட்டறது. இப்ப பெங்களூர்ல கிளாஸ் எடுக்கப் போய்ட்டு வர்றேன். சேர்ல உக்காந்துகிட்டே தாளம் தட்டிச் சொல்லிக்குடுக்கறது. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க.

என் பேரு மங்கையர்க்கரசி. கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா, பரவாயில்ல. டான்ஸ் பாக்கற பழக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும். 'எதிர்ப்பேச்சு'ன்னு ஒரு நிகழ்ச்சி பண்ணேன். பன்னெண்டு வருஷம் பண்ணேன். டெல்லி, பூனா, கொழும்பு, சிங்கப்பூர், எங்கெங்கயோ போய்ட்டு வந்தேன். வெறுங்கால்ல சலங்கை கட்டிகிட்டு நான் ஒரு பக்கம். அடியில இரும்புத் தகடு அடிச்ச ஷூ போட்டுகிட்டு ஒருத்தி இன்னொரு பக்கம். வெள்ளைக்காரங்க ஆடுவாங்களே டேப் டான்ஸ், ஷூவாலயே தாளம் போடறது, அது. என் கால் ஒண்ணு சொல்லும், அந்த ஷூ பதில் சொல்லும். ரெண்டும் சண்டை போடும், கொஞ்சும், ஒண்ணை ஒண்ணு கிண்டல் பண்ணும். பாட்டு கிடையாது, மிருதங்கம் கிடையாது. நாலு காலு, ஒரு மேடை, அவ்ளோதான். அந்த மாதிரி அதுக்கு முன்னாடி யாரும் பண்ணதில்லைங்க. இதை நானா சொல்லிக்கல, பேப்பர்லயே எழுதினாங்க.

அந்த ஷூக்காரி பேரு ஷெரில். அவளைப் பத்திதான் சொல்ல வர்றேன். உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கறேன். சரி.

ஷெரில் பெரம்பூர்ப் பொண்ணு. ஆங்கிலோ இண்டியன். அவங்க அப்பா ரயில்வேயில கார்டா இருந்தவர். அந்தக் காலத்துல கிறிஸ்துமஸ் வந்தா ரயில்வே இன்ஸ்டிடியூட்ல ஆட்டம் பாட்டம் எல்லாம் நடக்கும் பாருங்க, அதுல அவரு டேப் டான்ஸ் ஆடுவாராம். பொண்ணுக்கும் கத்துக்குடுத்திருக்காரு. நல்லா கத்துக்குடுத்திருக்காரு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

நாங்க பழகினது எப்படின்னா, ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பொண்ணுங்களுக்கு நான் டான்ஸ் சொல்லிக்குடுக்கறேன், பொண்ணு வீட்டுப் பொண்ணுங்களுக்கு அவ சொல்லிக்குடுக்கறா. ஒரே ஹால்ல இந்த மூலை நான், அந்த மூலை அவ. பட்டப்பகல்ல கரண்ட் போயிடுச்சு. ரெண்டு பக்கமும் பாட்டு நின்னுபோச்சு. நான் சும்மா நிக்காம தரையில தட்டி ஒரு ஜதியை ஆடிக் காட்டினேன், தாளம் பிள்ளைங்க மனசுல ஏறட்டும்னு. நான் முடிச்ச உடனே அந்த மூலையில இருந்து அதே ஜதி ஷூவுல திரும்பி வருது. அச்சு அசலா. கடைசியில மட்டும் அவளா ஒரு சின்ன வால் சேத்துகிட்டா. நான் திரும்பிப் பாத்தேன். குட்டையா, சுருட்டை முடி, ஒரு பழைய சுடிதார். "ஸாரி மென், சும்மா தமாஷுக்கு"ன்னா. அவங்க ஆம்பள பொம்பள எல்லாரையும் மென்னுதான் கூப்பிடுவாங்க.

நான்தான் சொன்னேன், இதை மேடைக்குக் கொண்டுபோகலாம்னு. அவளுக்கு அந்த யோசனையே வந்திருக்காது. கல்யாணத்துல, கிளப்புல ஆடிகிட்டு அப்படியே காலம் போயிருக்கும் அவளுக்கு. நான்தான் ஒரு வடிவம் குடுத்தேன். பெங்களூர்ல ஒரு பட்டறைக்குப் போயி கன்டெம்பரரி வேற கத்துகிட்டு வந்தேன். தரையில விழறது, உருள்றது, உடம்பை விட்டுட்டு அப்புறம் பிடிக்கறது. நிகழ்ச்சிக்கு மூணு கட்டம் வெச்சேன். முதல்ல அறிமுகம், அப்புறம் சண்டை, மூணாவதா நான் விழுந்து விழுந்து எழுந்துக்கறது. ஷூச் சத்தம் என்னை விடாம எழுப்பிகிட்டே இருக்கும். பேரு வெச்சது நான். சபா சபாவா ஏறி இறங்கினது நான். குழுவுக்கு என் பேருதான் வெச்சிருந்தோம், மங்கையர்க்கரசி நாட்டியக் குழுன்னு. பதிவு பண்ணப் போனது நான்தானே, வேற என்ன பேரு வைப்பாங்க.

முதல் சபாவுல எவ்ளோ பிரச்சினை தெரியுங்களா. மேடையில நடராஜர் இருக்காரு, ஷூ போட்டுகிட்டு எப்படி ஏறுவீங்கன்னு செக்ரட்டரி ஒரே பிடியா நிக்கறாரு. நான் கெஞ்சாத கெஞ்சல் இல்ல. கடைசியில ஷெரில்தான் சொன்னா, "நான் ஓரமா பலகை போட்டுகிட்டு நிக்கறேன் சார், நடுவுல வரவே மாட்டேன்"னு. அவரும் சரின்னுட்டாரு. அப்படி ஓரத்துல ஒரு மரப்பலகை, அதுமேல அவ. லைட்டும் அவமேல பாதிதான், ரொம்பக் கண்ணை உறுத்தக் கூடாதுன்னு. அப்புறம் அதுவே பழகிடுச்சு. நடராஜர் இல்லாத மேடையிலயும் பலகை ஓரத்துலதான் இருந்துச்சு. பாக்கவும் அழகா இருக்கும். நடுவுல நான், ஓரத்துல நிழல் மாதிரி ஒரு சத்தம். ஒரு தடவை கேட்டா, சிங்கப்பூர்ல. "மேங்ஸ், இங்க சாமி எதுவும் இல்லையே, பலகையைக் கொஞ்சம் உள்ள தள்ளலாமா?" என்னை மேங்ஸ்னுதான் கூப்பிடுவா. நான் சொன்னேன், "ஷெரில், லைட் எல்லாம் செட் பண்ணியாச்சு, இப்பப் போயி மாத்தினா குழப்பம்"னு. சரின்னுட்டா. அவகிட்ட அது ஒண்ணு, எதுக்கும் மறுத்துப் பேச மாட்டா.

அவளுக்கு நான் என்ன குறை வெச்சேன்? சொல்லுங்க. ஒரு அமைப்பு எனக்கு விருது குடுத்தாங்க, புதுமை நாட்டியத்துக்காக. மேடையில மைக்கைப் பிடிச்சு அவ பேரைச் சொன்னேன். ஷெரில் இல்லைன்னா இது இல்லைன்னு வாய்விட்டுச் சொன்னேன். அவ கூட்டத்துல உக்காந்திருந்தா. எத்தனை பேரு அப்படிச் சொல்லுவாங்க?

எங்களுக்குள்ள எப்படி ஒரு புரிதல் இருந்துச்சுன்னா, ஒண்ணு சொல்றேன். டெல்லியில பெரிய நிகழ்ச்சி. கிளம்பறதுக்கு முந்தின நாள் அவங்க அப்பா தவறிட்டாரு. நான் போய்ப் பாத்தேன். அவ அழுதுகிட்டே, "டெல்லி என்ன மேங்ஸ் ஆகும்?"னு கேட்டா. நீ அதைப் பத்தி யோசிக்காத, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். பாத்துகிட்டேன். ஒத்திகையில அவ ஆடினதை ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தோம் இல்லையா, அந்த ஷூச் சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டுகிட்டு நான் தனியா ஆடினேன். ஓரத்துல பலகை மட்டும், ஆள் இல்லாம. ஜனங்க எழுந்து நின்னு கைதட்டினாங்க. வெறும் பலகை ஒரு பெரிய கற்பனைன்னு மறுநாள் பேப்பர்ல எழுதியிருந்தான். அதைப் படிச்சுதான் ஷெரிலுக்கு விஷயம் தெரியும். அடக்கத்துக்கு என்னால இருக்க முடியல, மலர்வளையம் அனுப்பியிருந்தேன். ஊருக்கு வந்து பாத்தப்ப அவ டெல்லியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலைங்க. வேற யாராவதா இருந்தா எவ்ளோ பேசியிருப்பாங்க. "கைதட்டினாங்களா?"ன்னு மட்டும் கேட்டா. தட்டினாங்கன்னேன். சரின்னா. அப்படி ஒரு ஸ்நேகிதம்.

அந்த ஸ்நேகிதிதான் இப்படிப் பண்ணா.

போன மழைக்கு முந்தின மழை. ஒத்திகையில, மூணாவது கட்டத்துல விழும்போது முட்டி ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். சத்தம் கேட்டுச்சுங்க. துணி கிழியற மாதிரி. ஷெரில்தான் ஓடிவந்து என்னைத் தூக்கிப் பிடிச்சா, அவதான் ஆட்டோவுல மடியில காலைப் போட்டுகிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு வருஷத்துக்கு ஆட்டத்தை மறந்துடுங்கன்னாரு. பெங்களூர் விழா ஏற்கெனவே ஒத்துகிட்டாச்சு. அதுக்கப்புறம் மைசூர், ஹைதராபாத்துன்னு வரிசையா இருந்துச்சு. "போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடலாமா மேங்ஸ்?"னு ஷெரில் கேட்டா. நான் கூடாதுன்னேன். அந்த வலியில என்ன சொன்னேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. "எதிர்ப்பேச்சு நிக்கக் கூடாது ஷெரில். அது நின்னா நான் செத்ததுக்குச் சமம்"னேன். நான் அதுக்குள்ள எழுந்துடுவேன்னு நினைச்சேங்க. நான் ஆடுவேன்னு அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்?

நான் கல்யாணம் பண்ணிக்கல. அம்மா போனதுக்கப்புறம் அயனாவரத்துல ஒரு சின்ன ஃபிளாட்ல தனியாத்தான் இருக்கேன். ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் என்னைப் பாத்துகிட்டது ரெண்டு பேரு. ஒருத்தி ஷெரில். தினமும் மத்தியானத்துக்கு மேல வருவா, தூக்குல மஞ்சள் சோறும் உருண்டைக் குழம்பும் கொண்டுவருவா. இன்னொருத்தி என் ஸ்டூடன்ட் நிரஞ்சனா. சின்ன வயசுல இருந்து என்கிட்டதான் கத்துகிட்டா. காலேஜ் முடிச்சிட்டு முழுநேரமா டான்ஸுன்னு வந்துட்டா. காலையில வந்து என்னைக் குளிக்க வெச்சு, காலுக்குப் பயிற்சி குடுத்து, டீ போட்டு வெச்சிட்டுப் போவா. பெத்த பொண்ணு கூட அப்படிப் பண்ணாது.

பயிற்சி குடுக்கும்போது பேச்சுக் குடுப்பா. "மிஸ், அந்த மூணாவது கட்டத்துல விழுந்து எழும்போது மூச்சை எங்க எடுப்பீங்க?" நான் சொல்லுவேன். "மிஸ், ரெண்டாவது கட்டத்துல ஷூ உங்களை முந்திகிட்டு வரும் இல்ல, அப்ப நீங்க தாளத்தை மனசுல எண்ணுவீங்களா, காதால பிடிப்பீங்களா?" அதையும் சொல்லுவேன். காலை ஆட்ட முடியாது இல்லையா, கட்டில் மேல ரெண்டு விரலை நடக்க விட்டுச் சொல்லிக்குடுத்தேன். அவளும் என் பக்கத்துலயே அவ விரலை நடக்க விடுவா. நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன்னு நினைக்கறீங்க. படுத்துக் கிடக்கற டீச்சருக்கு மனசு ஒடிஞ்சுடக் கூடாதுன்னு, நாட்டியத்தைப் பத்தியே பேசிகிட்டிருக்கா பாரு இந்தப் பொண்ணுன்னு. ஒரு நாள் அலமாரியைத் திறந்து என் ஊதா காஸ்ட்யூமை எடுத்தா. "மழைக்குப் பூசணம் பிடிச்சுடும் மிஸ், டிரை வாஷுக்குப் போட்டுட்டு வர்றேன்"னா. அதுக்கும் நான் தேங்க்ஸ் சொன்னேங்க. தேங்க்ஸ் சொன்னேன்.

எனக்குத் தெரிஞ்சது எப்படின்னு கேக்கறீங்களா? தாவூத் பாய்னு ஒருத்தரு, எங்க காஸ்ட்யூம் எல்லாம் தைக்கறவரு. ஒரு நாள் போன் பண்ணாரு. "அம்மா, அந்த ஊதாவை இடுப்புல நல்லா உள்ள பிடிச்சிட்டேன், நீளமும் இறக்கியாச்சு. அந்தப் பொண்ணு உங்களை விட உசரம் இல்லையா. யாரை அனுப்பறீங்க வாங்கிக்க?" அவரு சாதாரணமாத்தான் கேட்டாரு. நான்தான் குடுத்து அனுப்பினேன்னு நினைச்சுகிட்டிருக்காரு. நான் "வருவாங்க பாய்"னு சொல்லிட்டு போனை வெச்சிட்டேன்.

அப்புறம் ஒவ்வொண்ணா கூடி வருது. அந்த விரல். அந்த மூச்சு. ஷெரில் வீட்டுக்குள்ள வரும்போதே வேர்த்து வர்றது. எங்க இருந்து வர்றேன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. ஒத்திகையில இருந்துதான் வந்துகிட்டிருந்தா. காலையில நிரஞ்சனா என்கிட்ட கத்துகிட்டுப் போறது, மத்தியானம் ஷெரில்கிட்ட ஆடிப் பாக்கறது. என் இடத்துக்கு வர்றவளுக்கு நானே படுத்துகிட்டு பாடம் எடுத்திருக்கேன்.

அன்னைக்கு ஷெரில் வந்தா. தூக்கைத் திறந்து தட்டுல போட்டா. நான் ஒண்ணும் காட்டிக்கல. அவளா சொல்லட்டும்னு பாத்தேன். சொல்லியிருந்தா, சத்தியமா சொல்றேன், ஒரு நாள் கத்தியிருப்பேன், அப்புறம் அடங்கியிருப்பேன். "என்ன ஷெரில் விசேஷம்?"னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மென்."

"பெங்களூர்ல இருந்து போன் எதுவும் வந்துச்சா?"

தட்டைப் பாத்துகிட்டே, "இல்லையே. நீ சாப்பிடு, ஆறிடும்"னா.

சாப்பிட்டேங்க. அந்தச் சோத்தை அவ முன்னாடி உக்காந்து முழுசா சாப்பிட்டேன். எப்படி இறங்குச்சுன்னு இன்னும் தெரியல.

விழா அன்னைக்குக் கைத்தடியைப் பிடிச்சுகிட்டு இதே மாதிரி ஒரு ரயில்ல ஏறினேன். டாக்டர்கிட்ட சொல்லல, யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் ஹாலுக்குப் போயி, எல்லாரையும் போல டிக்கெட் வாங்கிகிட்டு கடைசி வரிசையில உக்காந்தேன். வாசல்ல பேனர்ல ரெண்டு பேரு படமும் இருந்துச்சு. என் படம் இல்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு மைக்குல சொன்னா, இந்த நிகழ்ச்சியை உருவாக்கியவர் மங்கையர்க்கரசி, உடல்நலம் காரணமா வர முடியல, அவருக்கு எங்கள் நன்றின்னு. என் பேரைத்தான் முதல்ல சொன்னாங்க. கைதட்டினாங்க. பேரைச் சொல்லிட்டா ஆச்சா? பன்னெண்டு வருஷம் உடம்பைப் போட்டு உழைச்சவளுக்கு, மைக்குல ஒரு தடவை பேரைச் சொல்லிட்டா எல்லாம் சரியாப்போச்சா? நீங்களே சொல்லுங்க.

நிரஞ்சனா வந்தா. என் ஊதா. நல்லாத்தான் ஆடினா. நான் சொல்லிக்குடுத்த இடத்துல எல்லாம் மூச்சு எடுத்தா. ஆனா நான் அவளைப் பாக்கலைங்க. பாக்க முடியாம போச்சு. ஏன்னா பலகை நடுவுல இருந்துச்சு. ஓரத்துல இல்ல, நடு மேடையில. ஷெரில் அதுமேல முழு வெளிச்சத்துல நிக்கறா, அந்தப் பொண்ணு அவளைச் சுத்தி ஆடறா. ரெண்டு பேருக்கும் ஒரே லைட்டு.

எனக்கு அப்பத்தான் ஒண்ணு தெரிஞ்சுது. ஷெரில் ஆடும்போது அவ முகம் எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்லைங்க. நான் ஜனங்களைப் பாத்து ஆடறவ. அவ எனக்குப் பின்னாடி ஓரத்துல. ஒத்திகையில கண்ணாடியைப் பாப்பேன், கண்ணாடியில என்னைத்தானே பாப்பேன். அவ எனக்கு ஒரு சத்தம். அன்னைக்குத்தான் முகத்தைப் பாத்தேன். உதடு அசையுது. என்னடான்னு உத்துப் பாத்தா, ஜதி சொல்றா. தகிட தகதிமின்னு என் ஜதி எல்லாத்தையும் வாய்க்குள்ள சொல்லிகிட்டே ஆடறா. பரதநாட்டியம் ஒரு நாள் கத்துகிட்டவ இல்ல. எப்பக் கத்துகிட்டா? எத்தனை வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி இப்படிச் சொல்லிகிட்டிருந்தா? சிரிக்கறா வேற. அந்தப் பொண்ணு ஒரு இடத்துல அரை நொடி பிந்தினா. ஷெரில் ஷூவைக் கொஞ்சம் நிதானிச்சு, அவளைக் கூட்டிகிட்டுப் போனா. ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சுது. என்னையும் அப்படி எத்தனை இடத்துல கூட்டிகிட்டுப் போனாளோன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. இல்லைங்க, நான் பிந்த மாட்டேன். தாளத்துல நான் ரொம்ப கெட்டி. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

முடிஞ்சதும் ஜனங்க எழுந்து நின்னாங்க. நானும் எழுந்தேன், வேற வழியில்லாம. கைத்தடியைப் பிடிச்சுகிட்டு கைதட்ட முடியாது இல்லையா. நேரா மேடைக்குப் பின்னாடி போனேன்.

நிரஞ்சனா என்னைப் பாத்ததும் அப்படியே காலுல விழுந்தா. "மிஸ், மன்னிச்சிடுங்க மிஸ்." நான் காலை இழுத்துகிட்டேன். வலிச்சுது. ஷெரில் ஒரு பெட்டி மேல உக்காந்து துண்டால முகத்தைத் துடைச்சுகிட்டிருந்தா. எழுந்துக்கல.

"ஏன் சொல்லல?"ன்னேன்.

"சொன்னா நீ எழுந்து நின்னு ஆடறேன்னுவ மேங்ஸ். அந்தக் காலோட. உன்னை எனக்குத் தெரியாதா?"

"அதனால என் இடத்துல இன்னொருத்தியை நிறுத்திட்ட."

"நீதான நிக்கக் கூடாதுன்ன." மெதுவாத்தான் சொன்னா. "எதிர்ப்பேச்சு நிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன."

"நான் இல்லாம நடத்தச் சொன்னேனா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, எனக்குத் தெரியாம, பேப்பரைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டியா?"

அவ துண்டை மடியில வெச்சுகிட்டு என்னைப் பாத்தா. அந்தப் பார்வை எனக்குப் புரியல, இன்னைக்கு வரைக்கும் புரியல. கோவம்னும் சொல்ல முடியாது. ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்துச்சு. சொல்லல. "தப்புதான் மென். உன்கிட்ட மறைச்சது தப்புதான்"னா.

"பலகையை யாரு நடுவுல போடச் சொன்னது?"

"நான்தான்."

அவ்ளோதான். ஒரு சாக்குக் கூட சொல்லல. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. பக்கத்துல விழாக்காரங்க நிக்கறாங்க, லைட்டுக்காரங்க நிக்கறாங்க, எல்லாரும் பாத்துகிட்டிருக்காங்க. அவ சொன்னா, "மைசூர், ஹைதராபாத் இன்னும் இருக்கு. நீ என்ன சொல்றியோ அது. நீ வேண்டாம்னா நிறுத்திடறேன். நீ பாத்து உண்டாக்கினது."

"நிறுத்து"ன்னேன்.

"மிஸ்"னு நிரஞ்சனா அழுதா. ஷெரில் அவளைக் கையமர்த்தினா. குனிஞ்சு ஷூ கயித்தை அவுக்க ஆரம்பிச்சா. ஒரு ஷூ, அப்புறம் இன்னொரு ஷூ. அவ கால்விரல் எல்லாம் காச்சுப்போயி கோணிகிட்டு இருந்துச்சு. எழுந்து வெறுங்காலோட என் முன்னாடி நின்னா. "சரி மேங்ஸ்"னா. என்னை ரயில் ஏத்திவிட ஸ்டேஷன் வரைக்கும் வர்றேன்னா. வேண்டாம்னுட்டேன்.

நிறுத்திட்டாங்க. மைசூரும் இல்ல, ஹைதராபாத்தும் இல்ல. நான் வீட்டுல காத்துகிட்டிருந்தேன். ரெண்டு நாள் போகும், ஒரு வாரம் போகும், தூக்கை எடுத்துகிட்டு வருவா, திட்டுவேன், அழுவோம், அப்புறம் பேசுவோம்னு. வரலைங்க. மருந்துக் கடையில சொல்லி மாத்திரை மட்டும் வீட்டுக்கு வந்துகிட்டிருந்துச்சு, யாரு சொன்னான்னு கேட்டா கடைக்காரப் பையன் பெரம்பூர் மேடம்னான். ஆளு வரல. நிரஞ்சனா பூனாவுல ஒரு குழுவுல சேந்துட்டா. ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்பறா. நான் பதில் போடறதில்ல.

என் கால் ஒருவழியா இவ்ளோதான் ஆகும்னு தெரிஞ்சுபோச்சு. போன வருஷம் அந்த பெங்களூர்க்காரங்களே கேட்டாங்க, யாரை வேணா வெச்சு மறுபடியும் பண்ணுங்க மேடம், ஜனங்க கேக்கறாங்கன்னு. ஷூ போட்டு ஆடற ரெண்டு மூணு பேரை வரச் சொல்லிப் பாத்தேன். நல்லாப் படிச்ச பிள்ளைங்க, வெளிநாட்டுல எல்லாம் கத்துகிட்டவங்க. அவங்க ஷூ தாளம் போடுது. பதில் சொல்ல மாட்டேங்குது. எனக்கு அதை எப்படிச் சொல்லிக்குடுக்கறதுன்னு தெரியலைங்க. பதில் சொல்ற வேலை என் பக்கம் இருந்ததே இல்ல போல.

கடைசியில நானே இறங்கிப் போயி போன் பண்ணேன். ஆமா, நானே. "ஷெரில், நான் உக்காந்து தாளம் போட்டுகிட்டு ஜதி சொல்றேன். நீயும் நிரஞ்சனாவும் ஆடுங்க. பழசை மறந்துடலாம்"னேன். எவ்ளோ பெரிய மனசு வேணும் அப்படிக் கேக்கறதுக்கு.

அவ நல்லா சிரிச்சுத்தான் பேசினா. கால் எப்படி இருக்கு, மாடிப்படி ஏறும்போது எந்தக் காலை முதல்ல வெக்கற, எல்லாம் கேட்டா. ஒரு ஸ்கூல்ல சின்னப் பிள்ளைங்களுக்கு டான்ஸ் டீச்சரா இருக்காளாம். அப்புறம் சொன்னா, "இல்ல மேங்ஸ். நீ நிறுத்துன்ன, நான் நிறுத்திட்டேன். ஷூவுல தகட்டைக் கழட்டியாச்சு. அதையே போட்டுகிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போறேன், நல்லா உழைக்குது."

திரும்பத் தட்டி வெச்சுக்கலாமே ஷெரில்னேன். நாலு ஆணிதானேன்னேன். "சாப்டியா?"ன்னு கேட்டா.

அதைத்தாங்க என்னால தாங்க முடியல. எனக்குத் தெரியாம ஆடினதைக் கூட மறந்துடுவேன். கோவத்துல ஒருத்தி நிறுத்துன்னு சொன்னா அப்படியே நிறுத்திடறதா? என் ஆயுசுல பாதியை அப்படி ஒரே வார்த்தையில அவுத்து வெச்சிட்டுப் போறதா? ஓரத்துல நில்லுன்னா நின்னா, டெல்லியில அப்படி ஆச்சுன்னா சரின்னா, எதுக்குமே எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் சொன்னது அத்தனையும் கேட்டவ. அந்த ஒண்ணையாவது அவ கேக்காம இருந்திருக்கலாம்.